ஒரு ஸ்பீடிங் பெனால்டிக்கு எத்தனை புள்ளி? நாஸ்கார் ப்ளேஆஃபும் ஓட்டுநர் தவறும்

பச்சைக்கொடி:

வணக்கம். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில், 2025 சீசனின் ஃபீனிக்ஸ் கடைசிப் பந்தயம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. டெனி ஹாம்லின் 208 லேப் முன்னிலையில் ஓடினார். முடிய மூன்றே லேப் இருந்தபோது வில்லியம் பைரனின் டயர் போய் மஞ்சள் கொடி (எல்லோரும் வேகம் குறைக்க வேண்டும்) விழுந்தது. ஹாம்லின் அணி நாலு டயரையும் மாற்றியது, கைல் லார்சன் அணி இரண்டை மட்டும் மாற்றி அனுப்பியது. ஓவர்டைமில் (கூடுதல் லேப்களில்) ரையன் பிளேனி ஜெயித்தார். லார்சன் 3ஆவது, ஹாம்லின் 6ஆவது. கடைசிப் பத்துப் பந்தயமான ப்ளேஆஃபில் இறுதிக்கு வந்த நாலு பேரில், இந்தப் பந்தயத்தில் முன்னால் முடிப்பவருக்கே கோப்பை என்பதால் அது லார்சனுக்கு. அன்று லார்சன் ஒரு லேப்கூட முன்னிலையில் இல்லை. சீசன் முழுக்க எண்ணினால் ஹாம்லினுக்கு 6 வெற்றி, லார்சனுக்கு 3.

"ப்ளேஆஃபே லாட்டரி" என்கிறது ஒரு கூட்டம். "தப்பு பண்ணினால் தண்டனை, இதில் என்ன புலம்பல்" என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள்:

டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் கார்கள் ஒதுங்கும் பிட் ரோடில் வேகம் தாண்டுவது போன்ற சாதாரணத் தவறு ஒன்றுக்கு, புள்ளியாகப் பார்த்தால் எவ்வளவு போகும்? ஸ்பீடோமீட்டர் வைத்தால் தீராதா?

அதே தவறு ஜூனில் நடந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, அக்டோபரில் நடந்தால் சீசனே போகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

2026-இல் திரும்ப வந்திருக்கும் சேஸ் முறை (கடைசிப் பத்துப் பந்தயப் புள்ளியையும் கூட்டிச் சாம்பியனைத் தீர்மானிப்பது) இதைச் சரிசெய்கிறதா?

---

ஆர்.பி.எம்_விளக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதற்கே நிறைய இருக்கிறது.

பிட் ரோடில் ரேடார் துப்பாக்கி கிடையாது. தரைக்கடியில் வரிசையாக டைமிங் லைன்கள் பதித்திருக்கிறார்கள், காரில் ட்ரான்ஸ்பாண்டர் (சமிக்ஞை அனுப்பும் கருவி). ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை விநாடி ஆனது என்பதை வைத்து அந்தத் துண்டின் சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அறிவித்த வரம்புக்கு மேல் 5 மைல் வரை சலுகை உண்டு. வரம்பு மணிக்கு 45 மைல் என்றால் 50-ஐத் தொடாத வரை தப்பில்லை.

அந்த 5 மைலை யாரும் சும்மா விடுவதில்லை. 1,000 அடி நீளத்தை 45 மைலில் கடக்க 15.15 விநாடி. 50-இல் 13.64. ஒன்றரை விநாடி வித்தியாசம். மஞ்சள் கொடியில் எல்லோரும் ஒன்றாக பிட்டுக்கு வரும்போது ஒன்றரை விநாடி என்றால் ஐந்தாறு இடம் சுலபமாகப் போய்விடும். அதனால் 49.5 போல வைத்து ஓட்டுகிறார்கள். பயந்து 48.5-க்கு இறக்கினால் அதே 1,000 அடியில் 0.3 விநாடி போகும், அதாவது ஒரு காரின் நீளத்துக்குக் கொஞ்சம் மேல். வெளியே வரும் கோட்டில் ஒரு காரின் நீளம்தான் பல சமயம் ஒரு வரிசையை முடிவு செய்கிறது.

ஸ்பீடோமீட்டர் கிடையாது, உண்மைதான். ஓட்டுநர் பார்ப்பது என்ஜின் சுழற்சியை. பிட் ரோடுக்கு எந்த கியர், ரியர் கியர் விகிதம் என்ன, டயரின் சுற்றளவு என்ன என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு ஒரு ஆர்.பி.எம் இலக்கைத் தருகிறார்கள். டேஷ்போர்டில் அதற்கேற்ற விளக்கு வரிசை எரியும். பந்தயம் தொடங்கும் முன் பேஸ் கார் பிட் ரோடு வேகத்தில் ஓடிக் காட்டுவதும் இதைச் சரிபார்க்கத்தான்.

தவறு நுழையும் இடங்கள் இரண்டு. ஒன்று, டயரின் சுற்றளவு மாறுவது. காற்றழுத்தமும் தேய்மானமும் மாறினால் அதே ஆர்.பி.எம்-மில் வேகம் சற்றே மாறும். 49.5-இல் ஓடுபவருக்கு இருக்கும் இடைவெளி ஒரு சதவீதம்தான், அது சுலபமாகக் கரைந்துவிடும். இரண்டாவது, முதல் துண்டு. பச்சைக் கொடியில் (பந்தயம் முழு வேகத்தில் ஓடும்போது) பிட்டுக்கு வந்தால் மணிக்கு நூறு மைலுக்கு மேலிருந்து சரியாகக் கோட்டில் வேகத்தை இறக்க வேண்டும். பிரேக் அரை நொடி தாமதமானால் அந்தத் துண்டின் சராசரி ஏறிவிடும்.

இதில் அணிகள் செய்யும் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. 200 அடித் துண்டை 50 மைலில் கடக்க 2.73 விநாடி. உங்கள் பிட் பாக்ஸ் (கார் நிற்கும் இடம்) அந்தத் துண்டுக்குள்ளேயே இருந்தால், நாலு டயர் மாற்ற நிற்கும் ஒன்பது பத்து விநாடியும் அதே கணக்கில் சேர்ந்துவிடும். சராசரி தாண்ட வாய்ப்பே இல்லை. அந்தத் துண்டில் எவ்வளவு வேகமாக நுழைந்தாலும், அடுத்த கோடு வரை எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் மாட்ட மாட்டீர்கள். கோடு உங்கள் பாக்ஸுக்கு முன்னால் எத்தனை அடி, பின்னால் எத்தனை அடி என்பது தகுதிச் சுற்றில் எடுத்த இடத்தைப் பொறுத்தது, ஏனென்றால் பாக்ஸைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த வரிசைப்படிதான் வருகிறது. 2021 ஃபீனிக்ஸில் போல் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்த லார்சன் அணி வெளியேறும் முனைக்கு அருகிலிருந்த முதல் பாக்ஸை எடுத்தது. கடைசி பிட் ஸ்டாப்பில் 4ஆவதாக உள்ளே போனவர் முதலாவதாக வெளியே வந்தார், சாம்பியனும் ஆனார்.

இனி புள்ளி. 2017-இலிருந்து இருக்கும் அட்டவணையில் 2ஆம் இடத்துக்கு 35, பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று குறையும். தவிர பந்தயத்தின் நடுவே வரும் இரண்டு ஸ்டேஜ் (பகுதி) முடிவிலும் முதல் பத்துப் பேருக்கு 10-இலிருந்து 1 வரை.

4ஆம் இடத்தில் ஓடுபவர் முதல் ஸ்டேஜ் இடைவேளையில் மாட்டுகிறார் என்று வையுங்கள். மஞ்சள் கொடி என்பதால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், லேப் இழப்பு இல்லை. அங்கிருந்து ஏறி இரண்டாம் ஸ்டேஜை 15ஆவதாக முடித்தால், கிடைத்திருக்க வேண்டிய 7 ஸ்டேஜ் புள்ளி போயிற்று. பந்தயத்தை 12ஆவதாக முடித்தால் 33-க்குப் பதில் 25. மொத்தம் 15 புள்ளி.

அதே தவறு பச்சைக் கொடியில் நடந்தால் பாஸ்-த்ரூ. எல்லோரும் தடத்தில் பறக்கும்போது நீங்கள் மட்டும் பிட் ரோடு முழுக்க ஊர்ந்து போக வேண்டும். ஒரு மைல் தடத்தில் பெரும்பாலும் ஒரு லேப் பின்தங்கிவிடுவீர்கள். ஒரு லேப் பின்னால் இருப்பவர்களில் முதல் ஆளாக இருந்து, மஞ்சள் கொடி விழுந்து, ஃப்ரீ பாஸ் (இழந்த லேப்பைத் திரும்பத் தருவது) கிடைத்தால்தான் மீட்சி. கிடைக்காமல் 22ஆவதாக முடித்தால் 15 புள்ளிதான், இழப்பு 18. ஸ்டேஜின் 7-ஐயும் சேர்த்தால் 25.

ஆக 15 முதல் 25 வரை. 2025 வரை ஒரு வெற்றிக்குக் கிடைத்த ப்ளேஆஃப் போனஸ் 5 புள்ளி. மூன்று முதல் ஐந்து வெற்றியில் சேர்த்த மெத்தையை ஒரே ஒரு ஸ்பீடிங் தின்றுவிடும்.

---

36பந்தயம்:

மேலே உள்ளவர் போட்ட கணக்கின் மேலேயே இரண்டாம் கேள்விக்குப் பதில் கட்டலாம்.

சராசரியாக ஒரு பந்தயத்துக்கு 30 புள்ளி எடுக்கும் நல்ல ஓட்டுநர் ஒருவர். ஒரு நாள் சுவரில் மோதிக் கடைசியாக முடித்து 1 புள்ளி வாங்குகிறார். இழப்பு 29.

36 பந்தயத்தையும் கூட்டிச் சாம்பியனைத் தீர்மானித்தால் 1,080-இல் 29, மூன்று சதவீதத்துக்கும் குறைவு. பத்துப் பந்தயத்தைக் கூட்டினால் 300-இல் 29, ஏறக்குறைய பத்து சதவீதம். மூன்று பந்தயச் சுற்றானால் 90-இல் 29, மூன்றில் ஒரு பங்கு. ஒரே பந்தயமானால் எல்லாமே. தவறு ஒன்றுதான், வகுக்கும் எண் மாறுகிறது. 2014 முதல் 2025 வரை இருந்த முறை 16, 12, 8, 4 என்று ஆளைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் அந்த எண்ணை ஒன்றாக்கியது.

நியாயமாகப் பார்த்தால் அந்த முறையில் 2017-இலிருந்து ஒரு பாதுகாப்பு இருந்தது. வெற்றிக்கு 5, ஸ்டேஜ் வெற்றிக்கு 1, வழக்கமான சீசனில் முதலிடத்துக்கு 15 என்று சேர்த்த ப்ளேஆஃப் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் கூடவே வந்தது. முதல் இரண்டு சுற்றில் வலுவான அணிகள் ஒரு கெட்ட நாளைத் தாங்கியது இதனால்தான். ஆனால் கடைசிப் பந்தயத்தில் நாலு பேருக்கும் 5,000, மெத்தை பூஜ்யம். முப்பத்தைந்து பந்தயம் உழைத்து வாங்கிய பாதுகாப்பை, அது மிகவும் தேவைப்படும் நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். என் பார்வையில் அந்த முறையின் ஆகப்பெரிய ஓட்டை இதுதான்.

மெத்தை இருந்தும் விழுந்தவர்கள் உண்டு. 2020-இல் கெவின் ஹார்விக்குக்கு 9 வெற்றி. எட்டுப் பேர் சுற்றில் டெக்சாஸில் தூறல் விழுந்த ஈரத் தடத்தில் சுவரைத் தொட்டார், 16ஆவது. மார்ட்டின்ஸ்வில்லில் 17ஆவது. கடைசி மூலையில் கைல் புஷ்ஷை முட்டி ஓர் இடம் பிடிக்கப் பார்த்ததும் பலிக்கவில்லை, வெளியே. அந்தச் சுற்றில் ஜோயி லொகானோ கேன்சஸிலும் சேஸ் எலியட் மார்ட்டின்ஸ்வில்லிலும் ஜெயித்து நேராக இறுதிக்குப் போனதால், புள்ளிக்காக மிஞ்சியது இரண்டே இடம். அடுத்தவன் ஜெயித்தால் உன் மெத்தை தானாகச் சுருங்கும் என்பது அந்த முறையில் பலரும் கவனிக்காத விஷயம்.

2022-இல் லார்சன். சார்லட் ரோவல் தடத்தில் சுவரை உரசினார், பின் சக்கரத்தின் டோ லிங்க் போயிற்று. சரிசெய்து திரும்புவதற்குள் பல லேப் பின்னால், 35ஆவது. இரண்டே புள்ளியில் வெளியேறினார். இங்கே காரின் அமைப்பையும் சொல்ல வேண்டும். 2022-இல் வந்த நெக்ஸ்ட் ஜென் காரில் பின் பக்கம் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். சக்கரம் எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மெலிந்த கம்பி. பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால் முதலில் வளைவது அதுதான். பழைய காரின் ஒரே துண்டு ஆக்சில் அந்த மாதிரி உரசலைத் தாங்கிக்கொண்டு ஓடும். பழைய காரில் ஒன்றிரண்டு இடம் மட்டும் போயிருக்கக்கூடிய அதே உரசல், புதிய காரில் முப்பது இடத்தைக் கொண்டுபோகிறது. தண்டனையின் அளவை விதிப்புத்தகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பாகமும் தீர்மானிக்கிறது.

---

சுவரோரம்:

நான் எதிர்க்கட்சி. எல்லாருக்கும் ஒரே விதி, சீசன் ஆரம்பிக்கும் முன்னாடியே தெரியும். அப்புறம் அநியாயம்னு சொல்றதுல என்ன இருக்கு?

முழு சீசன் கணக்குதான் நியாயம்னு பேசுறவங்க 2003-ஐ மறந்துட்டாங்க. மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியோட சாம்பியன், அந்த வருஷம் ரையன் நியூமனுக்கு 8 வெற்றி. தவறே செய்யாம எட்டாவது ஒன்பதாவதா வந்துக்கிட்டே இருந்தா கோப்பை கிடைக்கும்னா யார் ரிஸ்க் எடுப்பா? அடுத்த வருஷமே, 2004-ல, பத்துப் பந்தய சேஸ் வந்ததுக்கு இந்த மாதிரி புலம்பலும் ஒரு காரணம். இப்ப புலம்பல் திசை மாறியிருக்கு, அவ்வளவுதான்.

அழுத்தத்துல தப்பு பண்ணாம இருக்கிறதும் திறமை. 2016 ஹோம்ஸ்டெட் எடுங்க. பத்து லேப் சுமார் இருக்கும்போது ரீஸ்டார்ட். இறுதி நாலு பேர்ல கார்ல் எட்வர்ட்ஸ்தான் முன்னாடி. உள்பக்கமா வந்த லொகானோவை மறிக்கக் கீழே இறங்கினார். இடம் பத்தல, மோதல், முடிஞ்சது. ஜிம்மி ஜான்சன் ஏழாவது கோப்பையை எடுத்தார். அந்த மறிப்பு எட்வர்ட்ஸோட முடிவு. அவர் கார்தான் வேகமா இருந்துச்சுன்னு இப்ப சொல்லி என்ன பண்றது?

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். "ஓட்டுநர் தப்பு"ன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. 2019 ஹோம்ஸ்டெட்ல மார்ட்டின் ட்ரூயெக்ஸ் கார்ல பிட் ஆளுங்க இடது, வலது டயரை மாத்தி மாட்டிட்டாங்க. ரெண்டும் ஒரே அளவு இல்லை, கார் திரும்பாது. திரும்பவும் உள்ளே வந்து மாத்தினதுல லேப் போச்சு. அதே நாள் ஹாம்லின் கார்ல முன் கிரில்லுல டேப்பை ரொம்ப ஒட்டிட்டாங்க. டேப் ஒட்டினா முன்பக்கம் டவுன்ஃபோர்ஸ் கூடும், ஆனா ரேடியேட்டருக்குக் காத்து போகாது. தண்ணி கொதிச்சு, டேப்பைப் பிய்க்கறதுக்குன்னே பிட்டுக்கு வந்தார். ரெண்டு பேருக்கும் ஸ்டியரிங் பக்கம் குத்தம் இல்லை. கைல் புஷ் அமைதியா ஜெயிச்சுட்டுப் போனார்.

2025-ல நாலு டயரும் அப்படித்தான், அணியோட முடிவு. அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். நாலு டயருக்கு ஒன்பது பத்து விநாடி, ரெண்டுக்கு அதுல பாதி போல. புது டயரோட வேகம் தெரிய லேப் வேணும். ஓவர்டைம்னா பச்சை விழுந்து ரெண்டே லேப். அஞ்சு லேப் இருந்திருந்தா நாலு டயர்தான் புத்திசாலித்தனம்னு எல்லாரும் எழுதியிருப்பாங்க. எத்தனை கார் ரெண்டு டயரோட போகும்னு க்ரூ சீஃப் (அணியோட தலைமை ஆள்) ஊகிக்கணும், ஊகம் தப்பினா நடுக்கூட்டத்துல மாட்டிக்கணும்.

---

பச்சைக்கொடி:

மூவருக்கும் நன்றி. சுவரோரம் சொன்னதிலிருந்து ஒரு துணைக்கேள்வி. தெரியாமல் செய்வது ஒரு வகை. தெரிந்தே செய்வது? கடைசி லேப்பில் முட்டித் தள்ளுவது, ஒரே கம்பெனிக் கார்கள் சேர்ந்து வழிவிடுவது. இதையெல்லாம் முறைதான் தூண்டுகிறதா, இல்லை ஆட்களின் குணமா?

---

பிட்சுவர்:

முறைக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு. ஒரு இடத்தின் விலை எங்கே திடீரென்று எகிறுகிறதோ அங்கேதான் கைவரிசை நடக்கிறது. நாலு நிகழ்வைப் பாருங்கள்.

2013 ரிச்மண்ட், வழக்கமான சீசனின் கடைசிப் பந்தயம். மைக்கேல் வால்ட்ரிப் அணியின் ட்ரூயெக்ஸைச் சேஸுக்குள் கொண்டுவருவதற்காக முடிவைத் திரித்தார்கள் என்று நாஸ்கார் தீர்ப்பளித்தது. அணித் தோழர் ஒருவரைக் காரணமில்லாமல் பிட்டுக்கு வரவழைத்ததற்காக 3 லட்சம் டாலர் அபராதம், கிளின்ட் போயரின் கார் வேண்டுமென்றே சுழன்றது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ட்ரூயெக்ஸ் வெளியே, நியூமன் உள்ளே. ஜெஃப் கார்டனை 13ஆவது ஆளாகச் சேர்த்தார்கள். நூறு சதவீத முயற்சியோடு ஓட வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

2022 ரோவலில் கோல் கஸ்டர் கடைசி லேப்பில் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்தவர்களை மறித்தார், அணித் தோழர் சேஸ் பிரிஸ்கோவுக்கு இடம் கிடைத்தது. 1 லட்சம் டாலர், 50 புள்ளி, க்ரூ சீஃபுக்குத் தடை. லார்சன் வெளியே போன அதே பந்தயம் இது. அவரை முந்தி உள்ளே போனவர் பிரிஸ்கோதான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2024 ரிச்மண்ட். ஆஸ்டின் டில்லன் புள்ளிப் பட்டியலில் 32ஆவது. கடைசி மூலைகளில் முதலில் லொகானோவை முட்டினார், பிறகு ஹாம்லினை வலது பின்பக்கத்தில் கொக்கிபோல் இழுத்துச் சுவரில் விட்டார். ஜெயித்தால் நேராக ப்ளேஆஃப் என்ற விதி இருந்தபோது 32ஆம் இடத்தில் இருப்பவர் இழக்க ஒன்றுமில்லை. வெற்றியை நாஸ்கார் பறிக்கவில்லை, ப்ளேஆஃப் தகுதியைப் பறித்தது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. தூண்டில் எதுவோ அதை எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு மார்ட்டின்ஸ்வில். பைரனுக்குப் பின்னால் டில்லனும் ராஸ் சாஸ்டெயினும் சுவர் எழுப்பியதுபோல் அருகருகே ஓடி யாரையும் முந்தவிடவில்லை, மூவருமே செவ்ரலே. டொயோட்டாவின் பப்பா வாலஸ் வேகம் குறைத்தார், இன்னொரு டொயோட்டா ஓட்டுநர் கிறிஸ்டோபர் பெல் அவரைத் தாண்டினார். பெல் கடைசி மூலையில் சுவரில் மோதி, சுவரோடு ஒட்டியபடியே கோட்டுக்கு வந்ததால் அவருக்கும் தண்டனை. இறுதியில் பைரன் உள்ளே, பெல் வெளியே. டில்லன், சாஸ்டெயின், வாலஸ் மூவருக்கும் தலா 1 லட்சம் டாலர், 50 புள்ளி.

பெல்லுக்குத் தண்டனை வந்ததற்குக் காரணம் இரண்டு ஆண்டு முன்னால் அதே மூலையில் சாஸ்டெயின் செய்த வித்தை. 2022-இல் ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை விடாமல் சுவரில் காரைச் சாய்த்து ஓட்டி, 10-இலிருந்து 5-க்கு வந்து ஹாம்லினின் இடத்தைத் தட்டிச் சென்றார். அந்த லேப் 18.845 விநாடி, ஸ்டாக் கார் அங்கே ஓடியதிலேயே வேகமானது. அந்த சீசனில் தண்டனை இல்லை, 2023-இலிருந்து கூடாது என்றார்கள். ஒரே செயல், முதலில் வீரம், பிறகு விதிமீறல். பார்வையாளர்களின் பாதுகாப்பை நினைத்தால் தடை சரிதான்.

இந்த நான்கும் எங்கே நடந்தன என்று பாருங்கள். வெட்டுக்கோட்டுப் பந்தயம் (யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பது), அல்லது வெற்றி பெற்றால் எல்லாம் என்ற பந்தயம். நடு சீசனில் 14ஆம் இடத்துக்கும் 15ஆம் இடத்துக்கும் ஒரு புள்ளி வித்தியாசத்துக்காக யாரும் அணித் தோழனின் மானத்தை விற்க மாட்டார்கள்.

---

36பந்தயம்:

மூன்றாம் கேள்வியை யாரும் தொடவில்லை. 2026 முறை சுருக்கமாக: 26 பந்தயம் முடிந்ததும் புள்ளியில் முதல் 16 பேர் சேஸுக்குள். ஒரு வெற்றியால் நேரடி நுழைவு இனிக் கிடையாது. ஆள் குறைப்பும் கிடையாது, பத்துப் பந்தயமும் கூட்டல்தான். தொடக்கப் புள்ளி முதலிடத்துக்கு 2,100, இரண்டாவதுக்கு 2,075, மூன்றாவதுக்கு 2,065, அங்கிருந்து ஐந்து ஐந்தாகக் குறைந்து 16ஆவதுக்கு 2,000. பந்தய வெற்றிக்கு 40-க்குப் பதில் 55.

இதன் விளைவுகள். 29 புள்ளி விபத்து பத்துப் பந்தயத்தில் பரவுகிறது. முதலிடத்தில் தொடங்கியவர் ஒரு விபத்துக்குப் பிறகும் இரண்டாமவருக்குச் சில புள்ளி மட்டுமே பின்னால் இருப்பார், மீள ஒன்பது பந்தயம் இருக்கும். ரிச்மண்ட் 2024 போன்ற தூண்டிலும் போயிற்று. 32ஆம் இடத்தில் இருப்பவர் யாரை முட்டி ஜெயித்தாலும் 55 புள்ளிதான், அதைக்கொண்டு 16-க்குள் வர முடியாது.

குறை இருக்கிறது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் முன்பு 5, இப்போது 20. கடைசி லேப்பில் இரண்டாவதாக இருப்பவருக்கு முன்னால் இருப்பவரை அசைத்துப் பார்க்கும் ஆசை இனி ஒவ்வொரு வாரமும் வரும், வெட்டுக்கோட்டுப் பந்தயத்தில் மட்டுமல்ல. தவறும் அதே 15 புள்ளி விலையேறுகிறது. முன்னிலையில் இருப்பவர் கடைசி பிட் ஸ்டாப்பில் வேகம் தாண்டி 22ஆவதாக முடித்தால் முன்பு 40-க்கு 15, இழப்பு 25. இப்போது 55-க்கு 15, இழப்பு 40.

பிறகு அந்த மீட்டமைப்பு. 26 பந்தயத்தில் 120 புள்ளி முன்னால் இருந்தாலும் 25 ஆகச் சுருக்குகிறார்கள். 2024-இல் டைலர் ரெடிக் வழக்கமான சீசனை லார்சனைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக முடித்தார். அப்படி ஒரு புள்ளி முன்னால் இருந்தாலும் அதே 25. ஸ்டேஜ் புள்ளி ஒன்றைக் கோடையில் கவனக்குறைவால் விட்டவருக்கு அது இலையுதிர்காலத்தில் 25 புள்ளியாகத் திரும்பி வரலாம். என்னைக் கேட்டால் உண்மையான இடைவெளியில் ஒரு பங்கையாவது அப்படியே விட்டிருக்கலாம்.

---

சுவரோரம்:

சேஸ் வந்தா எல்லாம் சரியாயிடும்னு யாராவது நம்பினா 2010-ஐப் பாருங்க. அதே ஹாம்லின். ஃபீனிக்ஸுக்கு 33 புள்ளி முன்னிலையோட வந்தார். பந்தயத்துல அதிக லேப் முன்னாடி ஓடியும் பெட்ரோல் பத்தாம கடைசியில பிட்டுக்குப் போனார், முன்னிலை 15 ஆச்சு. ஹோம்ஸ்டெட்ல 37ஆவது இடத்திலிருந்து கிளம்பி, 24ஆவது லேப்ல கிரெக் பிஃபிளோட உரசல், சுழற்சி, கார் சேதம். 14ஆவது. ஜான்சன் ரெண்டாவதா வந்து 39 புள்ளியில கோப்பையை எடுத்தார். அன்னைக்கு வெற்றிக்கு 185 புள்ளிங்கிற பழைய கணக்கு, 39ங்கிறது சின்ன எண்.

ஆள் குறைப்பு இல்லாத முறையிலயும் கடைசி ரெண்டு வாரத்துல எல்லாம் போச்சு. 

---

பச்சைக்கொடி:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்றே ஒன்று: பத்துப் பந்தயமும் கூட்டிச் சமமாக வந்தால்?

---

பிட்சுவர்:

வெற்றி எண்ணிக்கை, அதிலும் சமமானால் இரண்டாம் இடங்களின் எண்ணிக்கை, அப்படியே கீழே. 2011-இல் டோனி ஸ்டூவர்ட், கார்ல் எட்வர்ட்ஸ் இருவருக்கும் 2,403. ஸ்டூவர்ட்டுக்கு 5 வெற்றி, ஐந்துமே சேஸில். எட்வர்ட்ஸுக்கு 1. ஹோம்ஸ்டெட் கடைசிப் பந்தயத்தில் ஸ்டூவர்ட் முதலாவது, எட்வர்ட்ஸ் இரண்டாவது. சேஸில் எங்கோ ஒரே ஓர் இடம் கூடுதலாக வந்திருந்தால் எட்வர்ட்ஸ் சாம்பியன்.